மூன்றாம் துளையில் ‘மே’

அத்தியாயம் 7

ஆதித்யாவுக்கு கேட்டைத் திறந்துவிட்டவனே சீனுதான். பிற்பாடு அந்த நாளைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவன் சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவதற்குக் காரணம் அதுவே.

மணி மூன்று பத்து. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, முன்னால் ஈ.சி.ஆர். ரோடும் பின்னால் கடலுமாக நிற்கிற வக்கீல் ராஜத்தின் வீடு. அவருடைய ஜூனியரான ஆதித்யா வெள்ளைக் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, “தேங்க்ஸ் ப்ரோ” என்றான். மரியாதை தெரிந்த பையன் என்று சீனு மனசுக்குள் மார்க் வேறு போட்டான். கார் வடக்கே திரும்பி மறைந்தது.

சீனு உள்ளே வந்தபோது துப்பறிவாளர் வைஷாலி மாடிப்படிக்கு அடியில், சுவரில் பொருத்திய ஒரு கறுப்பு இரும்பு கேபினெட்டின் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில்தான் அவளுடைய அலுவலகம். சீனு அவளுக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன். அதற்கு முன்னால் பத்து வருஷம் தெருத்தெருவாக டி.வி. கேபிள் இழுத்தவன்.

“பையன் கிளம்பிட்டாரா?” என்றார் ராஜம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“கெளம்பிட்டாரு வக்கீலம்மா. எங்க போறாருன்னுதான் சொல்லல.”

“கவியாவைக் கூட்டிக்கிட்டு வர.”

கவியாவைத் தெரியாதவர்கள் இந்தக் கடற்கரையில் இல்லை. ரிசார்ட் ஒன்றில் வரவேற்பில் வேலை பார்த்த பெண். முதலாளியின் மகன் கார் ஏற்றி ஒரு சிற்பத் தொழிலாளியைக் கொன்றுவிட்டு, டிரைவர்தான் ஓட்டினான் என்று கதை கட்டினான். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியது யார் என்று பார்த்த ஒரே ஜோடிக் கண் கவியாவுடையது. நாளை காலை பத்தரைக்கு செங்கல்பட்டு கோர்ட்டில் அவள் அதைச் சொல்ல வேண்டும். அதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.

“அவளை எங்க வெச்சிருக்கேன்னு மூணு மாசமா எனக்கு மட்டும்தான் தெரியும்,” என்றார் ராஜம். “அவளோட வாக்குமூல வீடியோ இந்தக் கேபினெட்ல இருக்கற சேமிப்புப் பெட்டியில இருந்தது. இன்னைக்குக் காலைல பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு, நான் கோர்ட்ல இருக்கும்போது என் போனுக்கு எச்சரிக்கை வருது. தெரியாத லேப்டாப் ஒண்ணு, மூணாம் நம்பர் துளை வழியா உள்ள வந்து வீடியோவை எடுத்துடுச்சுன்னு. விழுந்தடிச்சு வந்தேன்.”

“மூணாம் நம்பர் எந்த ரூம்?”

“நீங்களே பாருங்க.”

வைஷாலி கேபினெட்டின் கதவைத் திறந்தாள். சீனு தன்னை மறந்து விசிலடித்தான். நீல நிற வயர்கள் வகிடெடுத்துச் சீவிய தலைபோல ஒரே சீராக இறங்கி, வரிசையாக இருந்த துளைகளில் போய் உட்கார்ந்திருந்தன. சூடு வெளியேற ஒரு சின்ன ஃபேன். அடியில் கரண்ட் போனால் தாங்குவதற்கு யூ.பி.எஸ்.

“இன்னா வேல மேடம் இது! நான் இழுத்த வயருங்கள பாத்தா காக்காவே கூடுன்னு நெனச்சி முட்டை வுட்டுட்டுப் போவும்.”

“ஜெபக்குமாரோட வேலை,” என்றார் ராஜம். “சதுரங்கப்பட்டினத்துப் பையன். ஒரு மாசம் உக்காந்து திட்டம் போட்டோம். வைஃபையே வேணாம்னேன், பீச்ல உக்காந்துக்கிட்டே ஒருத்தன் உள்ள நுழைஞ்சிடுவான்னு பயம். சமையலறைப் பக்கம் பெட்டி வேணாம்மா, ஈரம். ஜன்னல் பக்கம் வேணாம், உப்புக்காத்து. கரண்ட் வயரும் இதுவும் ஒரே பைப்ல போகக் கூடாது. அவன் சொன்ன ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். கடைசில அவனே...”

ஜெபக்குமார் ஒரு மணியிலிருந்து மாமல்லபுரம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

ஒவ்வொரு வயரின் கழுத்திலும் வெள்ளை டேப்பில் மார்க்கரால் எழுதிய ஒரு எழுத்து. ஒன்று ‘கீ’. இரண்டு ‘ஹா’. மூன்று ‘மே’. நான்கு ‘மொ’.

“கீழ் ரூம், ஹால், மேல் ரூம்,” என்று ராஜம் விரலால் தொட்டுக் காட்டினார். “மாடியில ஒரே ஒரு ரூம்தான். அந்த நேரத்துல அங்க இருந்தது ஜெபக்குமார் மட்டும்தான். ஆதித்யா கீழதான் இருந்தான்.”

“யார் சொன்னது?”

“ஆதித்யா.”

“இந்த நாலாவது, ‘மொ’?”

“மொபைலா இருக்கும், பின்னாடி வைஃபை போட விட்டு வெச்சிருப்பான்னு ஆதித்யா சொன்னான்.”

“கீழ ரெண்டு ஆபீஸ் ரூம் இருக்கே. கடல் பக்கம் உங்களோடது. ரோடு பக்கம் ஆதித்யாவோடது. ‘கீ’ ஒண்ணுதான் இருக்கு?”

“அவன் ரூமுக்கு இன்னும் கனெக்ஷன் வரலியாம். அவன்தான்...”

“சொன்னான்,” என்று வைஷாலி முடித்தாள். “இந்த வீட்ல எல்லாத்தையும் ஆதித்யாவே சொல்லிடறாரு. சுவரு கிட்ட யாரும் கேக்கல.”

அவள் போன் அடித்தது. எஸ்.ஐ. ராகவன். ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், நேரத்தை வீணாக்காதீங்க,” என்றார் ராகவன். “பையன் முன்னுக்குப் பின் முரணா உளர்றான். மாடியிலதான் இருந்தேன்னு ஒத்துக்கறான். அடுத்த நிமிஷமே, ‘மே’ ரூமுக்கு நான் போகவே இல்ல சார்னு பைபிள் மேல சத்தியம் பண்றான். மாடியில இருந்துக்கிட்டே மேல போகலியாம். இதை எந்தக் கோர்ட் நம்பும்?”

“வித்தியாசமான பொய்யா இருக்கே சார்.”

“பொய்யில என்ன மேடம் வித்தியாசம்?”

“பொய் சொல்றவன் மாடியிலயே இல்லேன்னு சொல்லுவான்.” போனை வைத்துவிட்டு அவள் திரும்பினாள். “சீனு, மாடி ரூமுக்குப் போ. அந்த வயர் ஒரு முனை இங்க இருக்குன்னா, மறுமுனை அங்க இருக்கணும். ரெண்டும் ஒரே வயர்தானா?”

கேள்வி முடிவதற்குள் சீனு பாதிப் படி ஏறியிருந்தான். இது அவனுடைய பேட்டை. இந்த மாதிரி வயரின் உறையில் மீட்டருக்கு ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். கடைக்காரன் அளந்து கொடுப்பதற்காகப் போட்டது. வயர் சுவருக்குள் எத்தனை வளைவு வளைந்தாலும், இரண்டு முனையிலும் தெரிகிற நம்பரைக் கழித்தால் நடுவில் எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடலாம்.

மாடி ரூமில் பிளக் மாட்டும் பிளேட் பாதி திருகிய நிலையில் தொங்கியது. ஜெபக்குமாரை இந்த இடத்திலிருந்துதான் இழுத்துப் போயிருக்கிறார்கள். கீழே அவனுடைய ஸ்க்ரூடிரைவர், ஒரு வாய் கடித்த பன். சீனு பன்னை மிதித்துவிடாமல் ஓரமாக எடுத்து வைத்தான். வயரை இழுத்துப் பார்த்தான். நூற்றுப் பதினெட்டு.

கீழே ஓடி வந்து, ‘மே’ வயரைத் திருப்பினான். இருநூற்று அறுபத்திரண்டு.

“நூத்து நாப்பத்தி நாலு மீட்டரு! மேடம், இந்தப் படி ஏறதுக்கு இந்த வயரு கடலுக்குப் போய் ஒரு முழுக்கு போட்டுட்டு வந்து கீது.”

“விளையாடாதே. மத்ததைப் பாரு.”

‘மொ’ வயரைத் திருப்பினான். நூற்று நாற்பத்தொன்று.

“இருபத்தி மூணு மீட்டரு. இதான் மேடம் மாடிக்குப் போற வயரு. கரெக்டா...” அவன் வாய் பாதியில் நின்றது. “மொட்டமாடி! மொபைலும் இல்ல, கிபைலும் இல்ல. எங்காளுங்க மொட்டமாடி ரூம்னுதான் சொல்லுவாங்க.”

“அப்போ ‘மே’ எங்க போகுது?” என்றார் ராஜம்.

வைஷாலி கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு கிராஃப் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபக்குமார் பென்சிலால் போட்ட திட்டப்படம். அறைகள், பைப் போகும் வழி, எங்கே எத்தனை வயர். தாளின் வலது ஓரத்தில் மட்டும், மேலிருந்து கீழ்வரை, நெளிநெளியாகக் கோடு.

“இது என்ன?”

“அலை. சும்மா அழகுக்குப் போட்டிருக்கான்னு நெனச்சேன்,” என்றார் ராஜம்.

“ஒரு ஸ்க்ரூவைக்கூட அழகுக்காக வெக்காத ஆள் இவன். வயர் படத்துல எதுக்குக் கடல்? அலைக்குப் பக்கத்து ரூம்ல ‘கீ’ன்னு எழுதியிருக்கான். அது உங்க ரூம். இந்தக் கோடியில, அலைக்கு எதிர்ப்பக்கம்...”

சீனு தன் தலையில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டான்.

“கீழண்ட! மேடம், கடக்கரைக்காரன் அவன்! கடலு கீற பக்கம் கீழ. ரோடு கீற பக்கம் மேல. கெயக்கு, மேக்கு! எங்க அம்மா இன்னிக்கும் கடைக்கு மேலண்ட போய்ட்டு வான்னுதான் சொல்லும். நானே இத்த மாடின்னு நெனச்சிகினு நின்னேன் பாரு!”

“மேற்கு ரூம்,” என்றாள் வைஷாலி மெல்ல. “‘மே’ ரூமுக்கு நான் போகவே இல்லன்னு அவன் சொன்னது நூத்துக்கு நூறு நிஜம்.”

சீனு ரோடு பக்கத்து அறைக்கு ஓடினான். ஆதித்யாவின் மேஜையைச் சுவரிலிருந்து இழுத்தான். கனெக்ஷன் வராத அந்த அறையில், மேஜைக்குப் பின்னால், புத்தம்புது பிளேட் ஒன்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நாணயத்தை வைத்துத் திருகிக் கழற்றினான்.

“இருநூத்தி அம்பத்தி மூணு!” என்று அங்கிருந்தே கத்தினான். “ஒம்போது மீட்டரு!”

திரும்பி வந்தபோது ராஜம் படியில் உட்கார்ந்திருந்தார். மகன்போல நடத்திய பையன். அவர் அழவில்லை.

“அந்த வீடியோவுல கவியா தங்கியிருக்கற இடம் தெரியுமா?” என்று வைஷாலி கேட்டாள்.

“இல்ல. வெறும் சுவர்தான் தெரியும்.”

“கோர்ட்ல அவ சொல்லப்போறதுதானே அதுல இருக்கு?”

“ஆமா.”

“அப்போ அதைத் திருடி என்ன பண்றது? எச்சரிக்கை வரும்னு தெரிஞ்சே திருடியிருக்கான். வேணும்னேதான், வெளியாள் ஒருத்தன் வீட்ல வேலை செய்யற நாளாப் பாத்து, பழி அவன் மேல விழட்டும்னு. நீங்க பயப்படணும், பயந்துபோய் அவளை இடம் மாத்தணும். மாத்தணும்னா யார்கிட்டயாவது அட்ரஸைச் சொல்லணும்.” வைஷாலி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்திரண்டு. “எங்க அனுப்பியிருக்கீங்க?”

“கோவளம். ஐஸ் வியாபாரம் பண்ற ஞானம்மாள் வீடு.” ராஜத்தின் குரல் உடைந்தது. “இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான்.”

வைஷாலி ராகவனை அழைத்து இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். பக்கத்தில் இருக்கிற வண்டி அங்கே போய்ச்சேர அரை மணி நேரம் ஆகும் என்றார் அவர். அரை மணி நேரத்தில் ஒரு பெண்ணைக் காரில் ஏற்றி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

“ஞானம்மாளுக்குப் போன் போடறேன்,” என்று ராஜம் எழுந்தார்.

“அவங்க பக்கத்துல அவன் நிப்பான்.”

“ஐயோ, அவங்க போனை எப்பவும் ஸ்பீக்கர்லதான் போடுவாங்க. கை முழுக்க ஐஸும் உமியுமா இருக்கும், காதுல வெக்க மாட்டாங்க.”

வைஷாலி சீனுவைப் பார்த்தாள். சீனு அவளைப் பார்த்தான். ராஜத்தின் போனை அவன் கையில் வைத்து, “உங்கம்மா பேசற மாதிரி பேசு,” என்றாள் அவள்.

மணி அடித்தது. ஒருமுறை. இரண்டுமுறை. ஐந்தாவது மணியில் எடுக்கப்பட்டது.

“சொல்லு ராஜம்மா. தம்பி வந்துட்டாரு. பொண்ணு பைய எடுத்துகினு கீது.”

“யக்கா, நான் வக்கீலம்மா வூட்டு டிரைவரு பேசறன்.” “டி.வி.யில சொல்லிகினு கீறான், புயல் கூண்டு ஏத்திட்டாங்களாம். பொண்ண இப்பவே மேல அனுப்பிடு. கூப்ட வந்த தம்பி கீழயே நிக்கட்டும். வண்டிய எடுக்க வேணாம்.”

அந்தப் பக்கம் ஆதித்யாவின் குரல், கொஞ்சம் தள்ளி. “புயலா? வெயில் கொளுத்துது?”

ராஜம் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கடலுக்குள்ள தம்பி,” என்றான் சீனு. “கரைக்கு வர ரெண்டு மணி நேரம் ஆவும். தண்ணி ஏறும்ன்றாங்கோ. வக்கீலம்மா பயந்துகினு கீறாங்க. செத்த நேரம் மேல இருக்கட்டும், அப்பால நீங்க கூட்டிகினு வாங்க.”

கோவளத்து வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது என்று சீனுவுக்குத் தெரியும். கூண்டு ஏற்றினால் கரை முழுக்கத் தெரிந்திருக்கும், மாமல்லபுரத்திலிருந்து ஒருத்தன் போன் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அது ஞானம்மாளுக்கும் தெரியும்.

“மேலயா?” என்றாள் ஞானம்மாள் நிதானமாக.

“மேலதான் யக்கா. எவ்ளோ மேல முடியுமோ அவ்ளோ.”

“சர்தான். கூண்டு ஏத்தனா நாங்க எப்பவும் மேலதான் போவோம்.”

போன் வைக்கப்பட்டது.

“புரிஞ்சிருக்குமா?” என்றார் ராஜம்.

“காருக்கு வாங்க,” என்றாள் வைஷாலி.

சீனு ஓட்டினான். பட்டிபுலம் வந்தது, நெம்மேலி வந்தது. வழக்கமாக இந்த ரோட்டில் எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கமெண்ட் அடிக்கிறவன், இன்று ஹாரன் மட்டும்தான் அடித்தான். திருவிடந்தை தாண்டும்போது எதிரில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. மூன்று பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். வேறு யாரோ.

கோவளம் திருப்பம். ரோட்டுக்கு மேற்கே பஸ் ஸ்டாப். கவியா அங்கே நிற்பாள் என்றுதான் சீனு வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தான். ஸ்டாப்பில் யாரும் இல்லை. இளநீர்க் கடைக்குப் பின்னாலும் இல்லை. ராஜம் கண்ணை மூடிக்கொண்டார். சீனு வண்டியைக் கடல் பக்கம் ஒடித்தான். அப்போது ஒரு கறுப்பு கார் எதிரே சீறிக்கொண்டு போயிற்று. உள்ளே இரண்டு ஆண்கள். பின் சீட் காலி. அந்தக் காலி சீட்டை அவன் இரண்டுமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

ஞானம்மாளின் வீட்டு வாசலில் வெள்ளைக் கார் நின்றது. வீட்டின் பக்கவாட்டில் மொட்டைமாடிக்குப் போகிற படி. அதன் இரும்புக் கேட்டில் ஐஸ் பெட்டிக்குப் போடுகிற பெரிய பூட்டு. படிக்கு முன்னால் ஐம்பது வயது ஞானம்மாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஐஸ் உடைக்கிற கட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம், வியர்த்து வழிந்தபடி ஆதித்யா.

“பொண்ணு எங்க?” மூன்று குரலும் ஒரே நேரத்தில்.

“மேல அனுப்பிட்டேன்.”

“ஸ்டாப்புல யாரும் இல்லியே யக்கா!” சீனுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஸ்டாப்புல நிக்க வெக்க நான் இன்னா கூறு கெட்டவளா? பின்வாசல் வழியா அனுப்பி மேக்கால போற கேளம்பாக்கம் பஸ்ஸுல ஏத்தியாச்சு. நீதானே எவ்ளோ மேல முடியுமோ அவ்ளோன்ன? கண்டக்டரு எங்க தெருதான். போலீஸ் ஸ்டேஷன் உள்ளாரயே கொண்டுபோய் வுட்டுட்டேன்னு இப்பதான் போன் பண்ணான்.” அவள் கடல் பக்கம் தாடையைக் காட்டினாள். “கறுப்பு வண்டியில ரெண்டு பேரு காத்துகினு இருந்தானுங்க. இவன் கீழ வரலன்னதும் ஓடிட்டானுங்க. நம்பரு ஐஸ் பொட்டியில எழுதி கீது, பாத்துக்கோ.”

ராஜம் அப்படியே அவளைக் கட்டிக்கொண்டார்.

“மேல அனுப்பறேன்னுதானே சொன்னே!” என்று ஆதித்யா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். ஊர் ஊராக மாற்றலாகிற அப்பாவோடு அடுக்குமாடிகளில் வளர்ந்த பையன். மேலே என்றால் லிஃப்டில் மேலே போகிற பட்டன் மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

“மேலதான் நைனா அனுப்பனேன்,” என்றாள் ஞானம்மாள். “நீதான் மாடிக்குப் போய்ட்ட.”

வைஷாலி சிரிக்கவில்லை. கம்பிக்கு அருகில் போய், “நீ நல்லாத்தான் படிச்சே ஆதித்யா. அந்த ஒரு எழுத்தைத் தவிர,” என்றாள்.

அவள் போன் அலறியது. ராகவன். அவள் சைகை காட்ட, சீனு எடுத்தான்.

“என்னய்யா ஆச்சு? அந்தப் பொண்ணு எங்க?” என்றார் ராகவன்.

“மேல போய்ட்சி சார்,” என்றான் சீனு.

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தடாலென்று பின்னால் விழுகிற சத்தம். “அடப்பாவமே! மேல போயிட்டாளா! இருபத்திரெண்டு வயசுப் பொண்ணுய்யா!” ராகவனின் குரல் தழுதழுத்தது. “நாளைக்குக் காலைல சாட்சி சொல்லவேண்டியவ... எப்படிய்யா போச்சு உயிர்?”

சீனு பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அவருக்குப் பின்னால் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. மூன்று மணி நேரமாக யாரும் காது கொடுத்துக் கேட்காத குரல். அழுகையும் சிரிப்பும் கலந்து கத்தியது.

“சார்! சார்! சாவல சார்! மேலன்னா மேக்கால சார்! பொண்ணு பொயச்சிகிச்சி சார்! இத்ததான் சார் நான் அப்பத்துலேந்து சொல்லிகினு கீறன்!”

ராகவன் போனை மூடாமலேயே, “ஜெபக்குமாருக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா,” என்று யாரிடமோ சொல்வது கேட்டது. “பன்னும் சேத்து.”